காருக்கு அந்தப் பக்கம்

"ஐயோ... யாராச்சும் ஓடி வாங்களேன்!"

காலை வேலைக்கு வந்த துப்புரவுப் பெண்மணி போட்ட அலறல், கம்பெனியின் பின்பக்கச் சுவரில் மோதி முன்பக்க கேட் வரைக்கும் கேட்டது.

வாட்ச்மேன் ஓடினார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் ஓடினார்கள்.

பின்வாசல் இரும்புப் படிக்கட்டுக்குக் கீழே, கழிவுக் களிமண் கொட்டும் டிரம்களுக்கு நடுவில், குப்புறக் கிடந்தான் ஆர்ட்டிஸ்ட். அந்தக் கம்பெனியின் சின்ன காருக்கு உருவம் கொடுத்தவன்.

பின்மண்டையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

பக்கத்தில் ஒரு நீளமான இரும்பு ஸ்கேல். அதன் முனையில் சிவப்பு பெயிண்ட்டில் ஒரு பட்டை. அந்தச் சிவப்புப் பட்டை யாருடைய அடையாளம் என்று கேன்டீன் பூனைக்குக்கூடத் தெரியும்.

டேப்புடைய அடையாளம்!

டேப் என்பது பட்டப்பெயர். இன்ச் டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அந்தக் கம்பெனியின் இன்ஜினியர். அதோடு, கீழே கிடந்தவனின் மனைவி.

கொன்றது யார் என்று அரை மணி நேரத்துக்குள் கம்பெனியே முடிவு கட்டிவிட்டது. போலீஸ் வந்து சேரத்தான் தாமதமானது.

-----

கான்ஃபரன்ஸ் ரூம்.

சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய புகைப்படம். கறுப்புப் பின்னணியில், வெள்ளி நிறத்தில், உருண்டு திரண்ட ஒரு குட்டி கார். நெரிசல் தெருவில் ஓட்டவும், கிடைத்த சந்தில் நிறுத்தவும் ஏற்ற வண்டி. அன்று மதியம் முதலீட்டாளர்கள் வந்து பார்ப்பதாக இருந்தது.

அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தாள் டேப். மேஜை மேல் கைகளை இறுக்கிக் கோத்திருந்தாள்.

எதிரே இன்ஸ்பெக்டர். மூன்று நாள் தூக்கம் பாக்கி வைத்திருப்பவர் மாதிரி ஒரு முகம்.

"புருஷன் செத்துக் கிடக்கார். நீங்க அழக்கூட இல்லையாமே?"

"அழுதுட்டேன்."

"எப்ப?"

"நீங்க பார்க்காதப்ப."

இன்ஸ்பெக்டருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. "வாய் நீளம்னு வெளியில சொன்னாங்க. சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நேத்து சாயங்காலம் ரெண்டு பேருக்கும் என்ன தகராறு?"

"தூண்."

"என்னது?"

"கார் கதவுக்குப் பின்னாடி, கூரையைத் தாங்கிக்கிட்டு ஒரு தூண் இருக்கும் சார். அது மெலிசா இருந்தாத்தான் வண்டிக்கு அழகுன்னாரு அவரு. மெலிசா இருந்தா, பக்கவாட்டுல லாரி இடிச்சா உள்ள இருக்கறவன் நசுங்கிடுவான்னேன் நான்."

"இதுக்கா சண்டை?"

"ஆறு மாசமா."

"ஒரு தூணுக்காகவா புருஷன் பொண்டாட்டி ஆறு மாசம் அடிச்சுக்குவாங்க?"

"உங்க வீட்ல எதுக்கு சார் அடிச்சுக்குவீங்க?"

கதவோரம் நின்ற கான்ஸ்டபிளுக்குத் திடீரென்று இருமல் வந்தது. இன்ஸ்பெக்டர் திரும்பி ஒரு முறை முறைக்க, இருமல் நின்றுவிட்டது.

"கடைசியா அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

டேப் பார்வையை மேஜைக்கு இறக்கினாள்.

"சொல்லுங்கம்மா. நாலு பேர் காதால கேட்டிருக்காங்க."

"செத்துத் தொலைன்னு சொன்னேன்."



எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள். அவன் வரைந்ததை அவள் கிழித்திருக்கிறாள். அவள் கணக்கின் மேல் அவன் காபி டம்ளரை வைத்திருக்கிறான். ஆனால் அந்த வார்த்தையை நேற்றுத்தான் முதன்முதலாகச் சொன்னாள். சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

"சொல்லிட்டு?"

"பின் கேட் வழியா ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போய்ட்டேன்."

"பார்த்தவங்க?"

"யாரும் இல்ல."

"ஸ்கேல்?"

"என்னோடதுதான். வண்டி மாடல் செய்யற ஸ்டுடியோவுல வெச்சுட்டுப் போனேன்."

இன்ஸ்பெக்டர் திருப்தியாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலிலேயே விலங்கு மாட்டும் சத்தம் கேட்டது.

மேஜையின் மறுமுனையில் முதலாளி. வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், சோகமான கண்கள். பேசும்போதெல்லாம் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்.

"தங்கமான பையன் சார். எனக்கு மகன் மாதிரி. தினமும் காலைல நான் முதல்ல ஸ்டுடியோவுக்குத்தான் போவேன். அவன் செஞ்ச வண்டியை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாத்தான் எனக்கு வேலையே ஓடும்."

அவருக்குப் பக்கத்தில் மூக்கில் கைக்குட்டையோடு ஒருவன். முதலாளி மனைவியின் தம்பி, கம்பெனியின் கணக்கு வழக்குகளைப் பார்ப்பவன். முதலாளி அவனை 'மச்சான்' என்று கூப்பிடுவார். அதனால் கம்பெனியே அவனுக்குப் பின்னால் மச்சான் என்றுதான் சொல்லும். பாதிக் கம்பெனி அவன் பெயரில் இருப்பதால், முன்னால் மட்டும் 'சார்' போடும்.

மச்சானுக்கும் டேப்புக்கும் ஆகவே ஆகாது. இவள் கேட்ட எந்த இரும்புக்கும் அவன் கையெழுத்துப் போட்டதில்லை. அவன் போட்ட எந்தக் கணக்கையும் இவள் கிழிக்காமல் விட்டதில்லை.

"சார், நீங்க பார்த்ததைச் சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

மச்சான் கைக்குட்டையை எடுத்தான். தொண்டையைக் கனைத்தான்.

"நேத்து சாயங்காலம் ஸ்டுடியோ வாசல் பக்கமா போனேன். கதவுல இருக்கற கண்ணாடி வழியா பார்த்தா... வண்டிக்கு இந்தப் பக்கம் இந்தம்மா, அந்தப் பக்கம் அவரு. கத்திக்கிட்டிருந்தாங்க. திடீர்னு இந்தம்மா ஸ்கேலைத் தூக்கிக்கிட்டு, வண்டியைச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயி... ஒரே அடி! அவரு அப்படியே வண்டிக்குப் பின்னாடி சரிஞ்சு மறைஞ்சுட்டாரு."

"அப்புறம்?"

"எனக்குக் கை கால் ஓடல. வீட்டுக்குப் போய்ட்டேன்."

இன்ஸ்பெக்டர் டேப் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றீங்க?"

டேப் சிரித்தாள்!

அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் முட்ட, வாய்விட்டுச் சிரித்தாள்.

முதலாளி அதிர்ந்து நெஞ்சைத் தொட்டார். மச்சான் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"பாருங்க சார், பாருங்க! கொலையும் பண்ணிட்டுச் சிரிப்பு வேற!"

"ரெண்டே கேள்வி சார்," என்றாள் டேப், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் கேக்கலாமா?"

"கேட்டுத் தொலைங்க."

டேப் மச்சான் பக்கம் திரும்பினாள். "நான் வண்டியைச் சுத்திப் போனேன்னீங்களே... முன்பக்கமாவா, பின்பக்கமாவா?"

"பின்பக்கமாத்தான். நல்லா ஞாபகம் இருக்கு."

"அவரு அந்தப் பக்கம் எங்க நின்னாரு? சக்கரத்துக்கு நேரா?"

"இல்ல. கதவுக்கு நேரா. அந்தப் பக்கக் கதவுல கை வெச்சுக்கிட்டு நின்னாரு. போதுமா? இன்னும் வேணுமா?"

"போதும். நீங்க பார்த்ததை இப்படியே கோர்ட்லயும் சொல்லணும்."

"எங்க வேணா சொல்லுவேன்டி!"

"டி போடாதீங்க. என் புருஷனே போட்டதில்ல." டேப் எழுந்தாள். "சார், ஸ்டுடியோவைத் திறந்து காட்டச் சொல்லுங்க. அப்புறம் விலங்கு மாட்டுறதா இருந்தா நானே கையை நீட்டுறேன்."

ஸ்டுடியோவுக்குள் வெளியாள் யாரையும் முதலாளி விடமாட்டார். மறுப்பார் என்றுதான் டேப் நினைத்தாள்.

அவர் மறுக்கவில்லை. சாவியை உடனே எடுத்து நீட்டினார்.

-----

ஸ்டுடியோ கும்மிருட்டாக இருந்தது. சூடேற்றிய களிமண்ணின் கந்தக நெடி குப்பென்று முகத்தில் அடித்தது. மச்சான் கைக்குட்டையை மறுபடியும் மூக்குக்குக் கொண்டுபோனான்.

டேப் சுவரில் தடவி ஒரு ஸ்விட்சைப் போட்டாள்.

வெளிச்சம் ஒரே ஒரு இடத்தில் மட்டும் விழுந்தது. சுற்றிலும் தொங்கிய கறுப்புத் திரைகளுக்கு நடுவில்... குட்டி கார்! வெள்ளித் தாள் ஒட்டிய களிமண் உடம்பு பளபளத்தது.

"அடேங்கப்பா," என்றார் இன்ஸ்பெக்டர் தன்னை மறந்து. "படத்தைவிட நேர்ல ஜோரா இருக்கே."

தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நாற்காலிகள்.

"மச்சான் சொன்ன மாதிரி செஞ்சு பாருங்க சார். கோட்டைத் தாண்டிப் போங்க. பின்பக்கமா சுத்தி, அந்தப் பக்கக் கதவுகிட்ட போய் நில்லுங்க."

"என்னம்மா, எனக்கே டிரில்லா?"

"நாலடிதானே சார். போங்க."

இன்ஸ்பெக்டர் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். காரின் பின்புறத்தை அடைந்தார். விறுவிறுவென்று திரும்பினார்.

எதிரில் இன்னொரு இன்ஸ்பெக்டர் விறுவிறுவென்று வந்தார்!

'டங்!'

"யம்மா!" நெற்றியைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார் இன்ஸ்பெக்டர். "என்ன எழவு இது?"

"கண்ணாடி சார். ஆளுயரக் கண்ணாடி."

"கண்ணாடியா?"

"இந்த கார் பாதிதான் சார்! நீளவாக்குல பாதி. ஒரு பக்கத்தை மட்டும் களிமண்ணுல செஞ்சு, கண்ணாடியில ஒட்டி நிறுத்திடுவோம். மறுபாதி கண்ணாடியில தெரியும். காரோட ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே? களிமண்ணும் மிச்சம், உழைப்பும் மிச்சம். எல்லாம் முடிவான பிறகுதான் முழு வண்டி."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். அதன் பின்னால் எட்டிப் பார்த்தார்.

பின்னால் செங்கல் சுவர்தான் இருந்தது.

"அந்தப் பக்கக் கதவுல கை வெச்சுக்கிட்டு நின்னாருன்னு சொன்னாரே..." டேப்பின் குரல் உயர்ந்தது. "அந்தப் பக்கம்னு ஒண்ணு இருந்தாத்தானே சார் நிக்க முடியும்!"

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். கைக்குட்டைக்கு மேலே இருந்த இரண்டு கண்களும் கண்ணாடியையே வெறித்தன.

"இது... இது முழு கார்தானே? ஒவ்வொரு ஷோவுலயும் முழு காரா பார்த்தேனே!"

"ஷோ அன்னிக்கு இருட்டு. விளக்கு வண்டி மேல மட்டும். நீங்க இந்த வாசனைக்குப் பயந்து மஞ்சள் கோட்டை ஒரு நாளும் தாண்டினதில்ல. நாற்காலியில உக்காந்து, 'செலவு ஜாஸ்தி'ன்னு சொல்லிட்டுப் போய்டுவீங்க. நாங்க எதைச் செய்யறோம்னு ஒரு தடவையாவது கிட்ட வந்து பார்த்தீங்களா?"

இன்ஸ்பெக்டர் வீங்கிய நெற்றியோடு மச்சானை நெருங்கினார். வீக்கத்தின் கோபமும் சேர்ந்துகொண்டது.

"ஏன்யா, கொலையைப் பண்ணிட்டு, அந்தம்மா தலையில கட்டப் பார்த்தியா?"

"சார்! நான் இல்ல சார்!"

"கான்ஸ்டபிள்! விலங்கை எடு."

முதலாளி நெஞ்சைத் தொட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"கடவுளே... சொந்த வீட்டுக்குள்ளயே பாம்பை வளர்த்திருக்கேனே! உங்க அக்கா முகத்துல நான் இனிமே எப்படிடா முழிப்பேன்?"

மச்சான் வாயைப் பிளந்தான்.

"அத்தான்! என்ன அத்தான் பேசறீங்க? நீங்கதானே இப்படிச் சொல்லச் சொன்னீங்க!"

"நானா? பாருங்க சார், மாட்டிக்கிட்டதும் என் பேரை இழுக்கறான்."

டேப்பின் காதில் இதெல்லாம் பாதிதான் விழுந்தது. அவள் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால், அந்தத் தூணை.

அங்கே வெள்ளித் தாள் கிழிக்கப்பட்டிருந்தது. புதிய களிமண் அப்பப்பட்டிருந்தது. சீப்புக் கருவியால் இழுத்த கோடுகள்கூட இன்னும் வழிக்கப்படவில்லை.

விரலை வைத்துப் பார்த்தாள். பருமனாக இருந்தது.

இன்ச் டேப்பை இழுத்து அளந்தாள். நம்ப முடியாமல் மறுபடியும் அளந்தாள்.

ஆறு மாதமாக அவள் தொண்டை கிழியக் கேட்ட அதே அளவு! ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை.

அவள் கத்திவிட்டுப் போன பிறகு, அவன் தனியாக உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறான். பருமனான தூணையும் அழகாக வளைத்து, கூரையோடு ஒட்டவைத்து... காலையில் அவளைக் கூப்பிட்டுக் காட்ட நினைத்திருப்பான். காட்டிவிட்டு, 'இப்ப சந்தோஷமா?' என்று உம்மென்று கேட்டிருப்பான்.

டேப் அந்தத் தூணில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். இந்த முறை எல்லோரும் பார்க்கவே அழுதாள்.

"என்கிட்ட ஆதாரம் இருக்கு சார்!" மச்சான் விலங்குக் கையாலேயே சட்டைப் பையைத் துழாவினான். "இவரு போன்ல பேசினது எல்லாமே என்கிட்ட பதிவாகியிருக்கு!"

"எதுக்குய்யா அத்தான் பேசறதையெல்லாம் பதிவு பண்றே?"

"எங்க அக்கா உத்தரவு சார். 'உங்க அத்தான் யார்கிட்ட, என்ன பேசறாருன்னு எனக்கு ஒண்ணு விடாம தெரியணும்'னு சொல்லியிருக்கு."

முதலாளியின் கை நெஞ்சிலிருந்து தானாகக் கீழே இறங்கியது. அன்று முதல்முறையாக நிஜமாகவே பயந்தவர் முகம் அது.

போனிலிருந்து அந்த மெல்லிய குரல் வந்தது.

'...நீ பார்த்ததாச் சொல்லு மச்சான். நான் சொன்னா முதலீட்டாளருங்க ஓடிடுவாங்க. அவ ஸ்கேலை எடுத்துக்கிட்டு, வண்டியைச் சுத்தி அந்தப் பக்கம் போய் அடிச்சா. அவ்வளவுதான். மாத்திச் சொல்லிடாதே...'

இன்ஸ்பெக்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஒரு மூச்சு இழுத்து நிமிர்ந்தார்.

"சரி சார். ஒத்துக்கறேன். அவ கொன்னதை நான்தான் பார்த்தேன். கம்பெனி பேர் கெட்டுடும்னு மச்சானைச் சொல்லச் சொன்னேன். அது தப்புதான். ஆனா கொலைகாரி அவதான்!"

"நீங்க பார்த்தீங்களா?" டேப் தூணிலிருந்து முகத்தை எடுத்தாள். கண்கள் சிவந்திருந்தன. குரல் மட்டும் தெளிவாக இருந்தது. "தினமும் காலைல வந்து இந்த வண்டியைத் தொட்டுப் பார்க்கறவரு நீங்க. இது பாதி கார்னு உங்களுக்குத் தெரியாதா?"

முதலாளி கதவுப் பக்கம் பார்த்தார்.

"மச்சான் 'அந்தப் பக்கம், அந்தப் பக்கம்'னு அங்க சொன்னப்ப, பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க? அந்தப் பக்கம் ஏதுடான்னு ஏன் கேக்கல? சாவி கேட்டதும் ஏன் உடனே நீட்டினீங்க? நான் வந்து இந்தப் பொய்யை உடைக்கணும். உடைச்சா மச்சான் மாட்டிக்கணும். பாதிக் கம்பெனிக்காரன் ஒழிவான். ஒருவேளை நான் உடைக்கலேன்னா நான் உள்ள போவேன். யார் போனாலும் உங்களுக்கு நல்லதுதானே?"

"உளறாதே! நான் எதுக்கு அவனைக் கொல்லணும்?"

"இதுக்கு!"

அவள் அந்தத் தூணைத் தட்டினாள்.

"மெலிசுத் தூணுக்குத் தகடு அடிக்கற அச்செல்லாம் அவசரப்பட்டு முன்கூட்டியே வெட்டி முடிச்சுட்டீங்க. தூண் பருமனானா அத்தனையும் குப்பை, வண்டி வெளிய வர ஒரு வருஷம் தள்ளிப்போகும். நான் கத்தினா, பொம்பளை புலம்பறான்னு விட்டுடலாம். அவரே மாத்திட்டா?"

"வழிச்சு எடுடான்னு சொன்னேன்!" முதலாளியின் மெல்லிய குரல் இப்போது கீச்சென்று கிளம்பியது. "கெஞ்சினேன்! 'மாட்டேன், நாளைக்கு வர்றவங்ககிட்டயே சொல்லுவேன், பழைய தூணோட இந்த வண்டி ஆளைக் கொல்லும்'னு சொல்லிட்டு, பழைய களிமண்ணைக் கொட்டப் படியிறங்கிப் போறான்! என்னை ஒரு மனுஷனாவே மதிக்காம முதுகைக் காட்டிக்கிட்டுப் போறான்! கைக்குக் கிடைச்சது அந்த ஸ்கேல்..."

சட்டென்று நிறுத்தினார். ஆனால் பேசி முடித்தாகிவிட்டது.

கான்ஸ்டபிள் மச்சான் கையிலிருந்த விலங்கைக் கழற்றி முதலாளிக்கு மாட்டினார்.

டேப் யாரையும் பார்க்கவில்லை. கணவனின் நாற்காலியை இழுத்துப் போட்டு, தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளை அங்கிருந்து எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

வெளியே ஜீப் நின்றது. முதலாளியைப் பின்னால் ஏற்றினார்கள்.

மச்சான் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டான்.

"அப்ப நான் கிளம்பலாமா சார்? அக்காகிட்ட விஷயத்தைச் சொல்லணும்."

"போற வழியில போன்ல சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர், நெற்றி வீக்கத்தைத் தடவியபடி. "பொய் சாட்சி சொன்னவரைச் சும்மா விட்டுட்டுப் போக முடியுமா? ஏறுங்க, ஏறுங்க. கூச்சப்படாதீங்க... எங்க வண்டி உங்க கார் மாதிரி குட்டி இல்ல சார், குடும்பத்தோட வரலாம்!"